பென்டோர்ச் பெட்டரியும் ஒரு கொப்பியும்: வீட்டிலேயே இலத்திரனியல் பழகுவது எப்படி?

டிசம்பர் லீவுக்கு ஹட்டனுக்கு வந்த அக்கா மகன் கையில் ஒரு பெட்டியோடு வந்தான். இணையத்தில் வாங்கியதாம். உள்ளே ஒரு ஆர்டுயினோ போர்ட் (கணினியில் எழுதிய கட்டளைப்படி இயங்கும் சின்னப் பலகை), பெயர் தெரியாத சென்சர்கள், வண்ண வண்ண வயர்கள். யாரோ எழுதிவைத்ததைக் கணினியில் அப்படியே ஒட்டி, ஒரு மணி நேரத்தில் எல்இடியை மினுக்க வைத்துவிட்டான். அடுத்த நாள் பெட்டி அலுமாரிக்கு மேலே போய்விட்டது. ஏன்டா என்று கேட்டால், "அதான் பத்திருச்சே மாமா" என்கிறான்.

ஏன் பற்றியது, எதை மாற்றினால் பற்றாது என்று கேட்டேன். தெரியவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தப் பெட்டி அப்படித்தான் பழக்குகிறது. எனவே பெட்டியை அலுமாரிக்கு மேலேயே விட்டுவிட்டு, நான்கு பென்டோர்ச் பெட்டரி, ஒரு மலிவான மீட்டர், ஒரு கொப்பி, கொஞ்சம் சில்லறைச் சாமான்களோடு மறுபடி தொடங்கினோம். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் செய்ததை அதே ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம், ஐம்பது வயதில் ஆசை வந்தவரும் செய்யலாம்.

கொப்பிக்கு ஒரே விதிதான். பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் "நினைத்தது", வலப்பக்கம் "அளந்தது". சர்க்கிட்டுக்குப் பெட்டரி கொடுக்கும் முன் இடப்பக்கம் ஒரு எண்ணாவது எழுதியிருக்க வேண்டும். பிழையாக இருந்தால் பரவாயில்லை, எழுதாமல் இருக்கக்கூடாது. இரண்டு எண்ணும் ஒத்துப்போகிற நாளில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஒத்துப்போகாத நாளில்தான் வேலை இருக்கிறது.

என்ன வாங்குவது

பெயர்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் தடையி, கொள்ளளவி, இருவாயி, ஒளிகாலும் இருவாயி என்று இருக்கும். கடையில் போய் "கொள்ளளவி தாங்க" என்று கேட்டால் கடைக்காரர் முழிப்பார். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டயோட், எல்இடி என்றுதான் அங்கே பேச்சு. பரீட்சைக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள். இங்கே நான் கடைப் பெயரிலேயே எழுதுகிறேன்.

வேண்டியவை இவை:

- வோல்ட், ஓட்டம், தடை மூன்றையும் அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. மஞ்சள் நிறத்தில் எங்கும் கிடைக்கும் மலிவான சிறியது போதும்.
- 830 துளை பிரெட்போர்ட் ஒன்று. ஈயம் வைக்காமல் சாமான்களைச் சொருகிப் பார்க்கும் பலகை இது.
- நான்கு பென்டோர்ச் பெட்டரி போடும் ஹோல்டர். மொத்தம் 6 வோல்ட்.
- கால் வாட் ரெசிஸ்டர்கள்: 100 ஓம், 470 ஓம், 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 100 கிலோ ஓம். ஒவ்வொன்றிலும் ஐந்து.
- சிவப்பு எல்இடி பத்து, வெள்ளை இரண்டு.
- கெப்பாசிட்டர்: 10, 100, 1000 மைக்ரோஃபேரட்டில் ஒவ்வொன்று. சின்ன செரமிக் வகையில் 103 (0.01 மைக்ரோஃபேரட்), 104 (0.1 மைக்ரோஃபேரட்) என்று அச்சிட்டவை இரண்டிரண்டு.
- பிசி 547 ட்ரான்சிஸ்டர் ஐந்து, 555 ஐசி (விட்டு விட்டு மின் துடிப்புத் தரும் சில்லு) இரண்டு, எல்டிஆர் (வெளிச்சம் பட்டால் தடை குறையும் ரெசிஸ்டர்) ஒன்று, 100 கிலோ ஓம் பிரீசெட் (திருகித் தடையை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்று, 5 வோல்ட் பஸர் ஒன்று.

பஸர் வாங்கும்போது பெட்டரி கொடுத்ததும் தானாகக் கத்துகிற வகையா என்று கேட்டு வாங்குங்கள். கத்தாத வகையும் உண்டு, அது இப்போது நமக்கு வேண்டாம். 9 வோல்ட் சதுர பெட்டரியும் வேண்டாம். விலை கூட, ஆயுள் குறைவு.

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என எந்த டவுனிலும் ரேடியோ, டிவி திருத்தும் கடைகளில் பாதிச் சாமான் கிடைக்கும். மிச்சத்துக்குக் கண்டி, அல்லது கொழும்புப் பக்கம் போகிறவர் யாரிடமாவது ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. வயர் வாங்காதீர்கள். இணைய இணைப்புக்கு இழுத்த லேன் கேபிளில் மிஞ்சிய ஒரு முழம் கிடைத்தால் அதற்குள் எட்டு வயர் இருக்கும். ஒற்றைச் செப்புக் கம்பி, அரை மில்லிமீட்டர் தடிப்பு, பிரெட்போர்ட் துளைக்கு அளவெடுத்ததுபோல இருக்கும். பல நூல்கள் முறுக்கிய வயர் துளைக்குள் மடங்கிப்போகும், அது சரிவராது.

பழைய சாமானைக் கழற்றிப் பழகுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த நாட்டின் வானொலியே அப்படித்தான் பிறந்தது. 1923இல் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் முதல் பரீட்சார்த்த ஒலிபரப்பைச் செய்தது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிக் கருவியிலிருந்து எடுத்த பாகங்களை வைத்துத்தான். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. உங்களுக்கு நீர்மூழ்கி வேண்டாம், பழைய டோர்ச், பெட்டரி ரேடியோ, பிள்ளைகளின் உடைந்த விளையாட்டு கார் போதும். ஸ்பீக்கர், சுவிட்ச், ரெசிஸ்டர், எல்இடி எல்லாம் அவற்றில் இருக்கும்.

எதைத் தொடக்கூடாது

லக்சபானவிலும் நோர்ட்டனிலும் தலவாக்கலையிலும் நம் மலைத் தண்ணீரில் பிறக்கிற கரண்ட், நம் சுவருக்கு 230 வோல்ட்டாக வந்து சேருகிறது. அதை இந்த வழிகாட்டியில் எங்கும் தொடப்போவதில்லை. பிளக்கில் சொருகுகிற எதையும் திறந்து பழக வேண்டாம். கழற்றி வைத்த பிறகும்தான். ஃபோன் சார்ஜர், சிஎஃப்எல் பல்ப், டிவிடி பிளேயர் இவற்றுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் கிட்டத்தட்ட 325 வோல்ட் வரை ஏறி, பிளக்கைக் கழற்றிய பின்னும் கொஞ்ச நேரம் அதை வைத்திருக்கலாம். எல்இடி பல்பின் மூடியைக் கழற்றிவிட்டு எரியவைத்துப் பார்ப்பதும் அதே அளவு ஆபத்து. வீட்டு மெயின் பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனைப் பெரியவர் ஒருவர் அழுத்திப் பார்க்கட்டும், உடனே விழ வேண்டும்.

லேப்டொப் பெட்டரியிலிருந்து எடுத்த லித்தியம் செல்லும் இப்போதைக்கு வேண்டாம். பென்டோர்ச் பெட்டரியை ஷோர்ட் செய்தால், அதாவது இரண்டு முனையையும் நேரே சேர்த்தால், கை சுடும், லித்தியத்தை ஷோர்ட் செய்தால் வீடு எரியும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கில் இருப்பதையெல்லாம் கழற்றிவிடுங்கள். பெட்டரியில் ஓடும் சர்க்கிட்டோடு உட்கார்ந்து விளையாடலாம்.

முதல் நாள்: மீட்டர் மட்டும்

சர்க்கிட் எதுவும் இல்லை. மீட்டரின் குமிழை டிசி வோல்ட் 20க்குத் திருப்பி, வீட்டில் இருக்கும் பென்டோர்ச் பெட்டரி அத்தனையையும் அளக்கச் சொல்லுங்கள். புதியது 1.5 முதல் 1.6 வரை காட்டும். சுவர் மணிக்கூட்டிலிருந்து எடுத்ததும் டோர்ச்சில் மங்கிப்போனதும் எத்தனை? முதலில் நினைத்ததை எழுத வேண்டும். "செத்த" பெட்டரி பூச்சியம் காட்டும் என்று மருமகன் எழுதினான். 1.2 காட்டியது.

அப்புறம் குமிழை ஓம் பக்கம் 2000 கிலோவுக்குத் திருப்பி, இரண்டு முனையையும் இரண்டு கை விரல்களால் பிடியுங்கள். காய்ந்த கையில் சில நூறு கிலோ ஓம், சிலருக்கு அளவையே தாண்டி இடப்பக்க ஓரத்தில் 1 மட்டும் தெரியும். கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டு மறுபடி பிடியுங்கள். எண் சரிந்துவிடும். குளித்துவிட்டு வந்து ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று அம்மா கத்துவதற்குக் காரணம் இந்த எண்தான். தடை குறைந்தால் ஓட்டம் கூடும்.

மூன்றாவதாக, ஒரு கிளாஸ் தண்ணீரில் இரண்டு ஆணி. தடையை அளந்துவிட்டு ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்கி மறுபடி அளக்கவும். எண் ஒரே இடத்தில் நிற்காது, ஊர்ந்துகொண்டே இருக்கும். தோராயமாக எழுதினால் போதும். இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

முதல் சர்க்கிட்: ஒரு எல்இடி, ஒரு ரெசிஸ்டர்

பிரெட்போர்டில் குறுக்கே ஐந்து ஐந்து துளைகள் உள்ளே இணைந்திருக்கும், நடுப் பள்ளம் அவற்றைப் பிரிக்கும். ஓரத்து நீளக் கோடுகள் பெட்டரிக்கு. சில போர்டுகளில் அந்த ஓரக் கோடு பாதியில் அறுந்திருக்கும். பார்த்தால் தெரியாது, மீட்டரால் இரு கோடியையும் தொட்டுப் பாருங்கள். எங்கள் முதல் இரண்டு மணி நேரம் அதில்தான் போனது.

பெட்டரியின் நேர் முனையிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர் (மஞ்சள், ஊதா, பழுப்பு), அதிலிருந்து எல்இடியின் நீளக் கால், குட்டைக் கால் மறை முனைக்கு. எல்இடி பற்றும். பற்றியதும் எழுந்து போய்விடாதீர்கள், இதற்கு ஒரு முழு நாள் கொடுக்கலாம்.

ரெசிஸ்டரின் இரு பக்கமும் எத்தனை வோல்ட்? எல்இடியின் இரு பக்கமும் எத்தனை? முதல் தடவை எல்லாரும் ஆளுக்குப் பாதி, மூன்று மூன்று என்றுதான் எழுதுவார்கள். அளந்தால் எல்இடியில் 1.9, ரெசிஸ்டரில் 4.1 போல வரும். கூட்டினால் 6. சிவப்பு எல்இடி தனக்கு வேண்டிய இரண்டு வோல்ட்டுக்குக் கிட்ட எடுத்துக்கொண்டு மிச்சத்தை ரெசிஸ்டரின் தலையில் கட்டிவிடுகிறது. இனி ஓமின் விதி, வோல்ட்டைத் தடையால் பிரித்தால் ஓட்டம்: 4.1ஐ 470ஆல் பிரித்தால் 0.0087, அதாவது 8.7 மில்லி அம்பியர்.

அது சரியா என்று பார்க்க, குமிழை டிசி 200 மில்லி அம்பியருக்குத் திருப்பி, எல்இடியின் ஒரு காலைக் கழற்றி அந்த இடைவெளியில் மீட்டரை நுழையுங்கள். ஓட்டம் மீட்டருக்குள்ளே புகுந்து வர வேண்டும். இந்த நிலையில் மீட்டரின் இரண்டு முனையையும் பெட்டரியின் இரண்டு முனையில் வைத்துவிட்டால் உள்ளே ஃபியூஸ் போய்விடும். எல்லாரும் ஒரு தடவை செய்கிற பிழை இது, நானும் செய்திருக்கிறேன். அளந்து முடிந்ததும் குமிழை வோல்ட்டுக்குத் திருப்பி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றவும். ஒரே தடவையில் இரண்டை மாற்றக்கூடாது.

470க்குப் பதில் 1 கிலோ ஓம். ஓட்டம் பாதிக்கும் கீழே இறங்கும், வெளிச்சம் பாதியானதுபோல் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 10 கிலோ ஓம் போட்டாலும் 0.4 மில்லி அம்பியரில் மங்கலாகப் பற்றிக்கொண்டுதான் இருக்கும். சிவப்பைக் கழற்றி வெள்ளையைப் போட்டால் எல்இடி 3 வோல்ட்டுக்குக் கிட்ட எடுத்துக்கொள்ளும். சிவப்பு இரண்டை வரிசையாகப் போட்டால் ரெசிஸ்டருக்கு இரண்டு சொச்சம்தான் மிஞ்சும். மூன்றைப் போட்டால்? நான்கைப் போட்டால்? இதற்குள் பிள்ளை அளக்காமலேயே சரியாக எழுதத் தொடங்கியிருக்கும்.

கடைசியாக, ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடியை நேரே 6 வோல்ட்டில் வைத்தால் என்ன ஆகும்? எழுதச் சொல்லுங்கள். வேண்டுமானால் ஒரு எல்இடியைப் பலி கொடுக்கலாம், பத்து வாங்கியதில் ஒன்று அதற்குத்தான். கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு.

கெப்பாசிட்டர்

இது ஒரு பின்னேர வேலை. 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பெட்டரியில் கொடுத்து, கெப்பாசிட்டரின் இரு காலிலும் மீட்டரை வைத்து வோல்ட் ஏறுவதைப் பாருங்கள். வெள்ளைப் பட்டை போட்ட கால் மறை முனைக்கு, மாற்றிக் கொடுத்தால் வீங்கும், வெடிக்கவும் செய்யும். பத்தாயிரம் ஓமை ஆயிரம் மைக்ரோஃபேரட்டால் (0.001 ஃபேரட்) பெருக்கினால் 10 செக்கன் வரும். அந்த 10 செக்கனில் 6 வோல்ட்டின் 63 சதவீதம், அதாவது 3.8 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். ஃபோன் மணிக்கூட்டை வைத்துப் பாருங்கள். எட்டு செக்கனிலோ பன்னிரண்டிலோ வந்தால் நீங்கள் பிழை செய்யவில்லை, இந்த வகைக் கெப்பாசிட்டர் எழுதியிருக்கும் அளவிலிருந்து 20 சதவீதம் அப்படி இப்படி இருப்பது வழக்கம்.

ஏறியதும் பெட்டரியைக் கழற்றி, 470 ஓமும் எல்இடியும் சேர்த்து அதன் காலில் வையுங்கள். பளிச்சென்று பற்றி மங்கி அணையும். மின்சாரம் உள்ளே இருந்தது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ட்ரான்சிஸ்டர், தண்ணீர் மணி

எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் மேலே ஊற்றிலிருந்து பைப்பில் தேங்கிக்கு, அதாவது தொட்டிக்கு, வருகிறது. தேங்கி நிரம்பியதும் யாரும் கவனிக்காவிட்டால் வழிந்து பின் வாசல் சேறாகிவிடும். அக்கா நெடுநாளாகத் திட்டிக்கொண்டிருந்த விஷயம். ட்ரான்சிஸ்டரைப் படிக்க இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா?

பிசி 547இன் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். பழைய ரேடியோவில் கழற்றிய வேறு எண் ட்ரான்சிஸ்டர்களில் இந்த ஒழுங்கு மாறும், அதை நம்பி சொருகாதீர்கள்.

முதலில் தொடு சுவிட்ச். நேர் முனையிலிருந்து 470 ஓம், எல்இடி, கலெக்டர். எமிட்டர் மறை முனைக்கு. பேஸிலிருந்து 10 கிலோ ஓம் ஒன்றை இழுத்து அதன் மறு நுனியைச் சும்மா விடுங்கள். எல்இடி பற்றாது. இப்போது ஒரு விரலால் நேர் முனை வயரையும், பக்கத்து விரலால் அந்தச் சும்மா நுனியையும் தொடுங்கள். மங்கலாகப் பற்றும். விரலை நனைத்துத் தொட்டால் நன்றாகப் பற்றும். உடம்பு வழியாக ஓடுவது சில மைக்ரோ அம்பியர்தான், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ட்ரான்சிஸ்டர் அதை இருநூறு மடங்கு, அதற்கும் மேலே பெருக்கிக் கலெக்டரில் ஓட விடுகிறது. முதல் நாள் கொப்பியில் எழுதிய விரலின் தடை இருக்கிறதல்லவா, அதை வைத்து பேஸ் ஓட்டத்தைக் கணக்குப் பண்ணலாம்.

விரல் இருந்த இடத்தில் தண்ணீரை வைத்தால் மணி தயார். ஆனால் பஸருக்கு முப்பது மில்லி அம்பியர் அளவு வேண்டும், ஒரு ட்ரான்சிஸ்டர் திணறலாம். அதனால் இரண்டு:

1. இரண்டு பிசி 547இன் கலெக்டர்களையும் சேர்த்துக் கட்டி, பஸரின் மறை வயருக்குக் கொடுங்கள். பஸரின் நேர் வயர் பெட்டரியின் நேர் முனைக்கு.
2. முதல் ட்ரான்சிஸ்டரின் எமிட்டரை இரண்டாவதின் பேஸுக்கு.
3. இரண்டாவதின் எமிட்டர் பெட்டரியின் மறை முனைக்கு.
4. முதலாவதின் பேஸிலிருந்து 10 கிலோ ஓம், அதிலிருந்து ஒரு நீள வயர் தேங்கிக்கு.
5. பெட்டரியின் நேர் முனையிலிருந்து இன்னொரு நீள வயர் தேங்கிக்கு.

தேங்கிக்குள் போகும் இரண்டு நுனியிலும் செப்பு வேண்டாம். நேர் முனைப் பக்கம் பச்சை பூத்துத் தின்றுவிடும். பழைய எவர்சில்வர் கரண்டிக் காம்புகள் இரண்டு போதும்.

பிரெட்போர்டில், கிளாஸ் தண்ணீரில் அழகாக வேலை செய்தது. தேங்கியில் மாட்டினோம். அன்று இராத்திரி மூன்று மணிக்கு மணி அலறியது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் தேங்கி பாதிகூட நிரம்பவில்லை. மருமகன் ட்ரான்சிஸ்டர் பழுது என்றான். அக்கா சொன்னதை இங்கே எழுத முடியாது.

காலையில் மீட்டரை எடுத்துக்கொண்டு போனோம். இரண்டு காம்பையும் ஒரே பிளாஸ்டிக் துண்டில் ஒரு அங்குல இடைவெளியில் கட்டியிருந்தான். இரவு இறங்கிய மூடுபனி அந்தப் பிளாஸ்டிக்கில் வியர்த்து, ஒரு காம்பிலிருந்து மற்றதற்குப் பாலம் போட்டிருந்தது. அளந்தால் 700 கிலோ ஓம் போல. இரண்டு ட்ரான்சிஸ்டர் சேர்ந்தால் அதுவே போதும், கத்திவிடும். கீழே கொழும்பில் செய்திருந்தால் இந்தப் பிரச்சினை வந்திருக்குமா தெரியாது, இங்கே வந்தே தீரும்.

இரண்டு திருத்தம் செய்தோம். காம்புகளைத் தனித்தனியாக, ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டோம். அடுத்து, முதல் ட்ரான்சிஸ்டரின் பேஸுக்கும் மறை முனைக்கும் நடுவில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. இது ஏன் என்று கொஞ்சம் யோசியுங்கள். இரண்டு ட்ரான்சிஸ்டர் அடுக்கினால் பேஸில் 1.2 வோல்ட் வந்தால்தான் திறக்கும். காம்புகளுக்கு இடையில் உள்ள தடையும் இந்த 100 கிலோ ஓமும் 6 வோல்ட்டைப் பங்கு போடுகின்றன. பேஸுக்கு 1.2 கிடைக்க வேண்டுமானால் காம்புத் தடை 400 கிலோ ஓமுக்குக் கீழே இறங்க வேண்டும். பனியின் 700க்கு மணி அடிக்காது. தண்ணீரோ? கிளாஸில் ஆணி வைத்து அளந்த பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், அதைவிடப் பல மடங்கு குறைவு. அடிக்கும்.

இதே சர்க்கிட்டில் காம்புகளுக்குப் பதில் ஒரு பலகையில் இரண்டு வெறும் கம்பியை நெருக்கமாகப் பக்கம் பக்கமாக ஓட்டிக் கொடியடியில் வைத்தால் மழை மணி. துணி காயப் போட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகிற வீட்டில் அதைக் கேட்டு ஓட யாராவது இருந்தால் பிரயோசனம்.

இருட்டினால் பற்றும் விளக்கு

கரண்ட் போன இரவில் இஸ்தோப்பில் ஒரு சின்ன வெளிச்சம். பெட்டரியின் நேர் முனையிலிருந்து 10 கிலோ ஓம், அதோடு வரிசையாக 100 கிலோ ஓம் பிரீசெட், அங்கிருந்து ட்ரான்சிஸ்டரின் பேஸ். பேஸிலிருந்து எல்டிஆர் மறை முனைக்கு. கலெக்டரில் 470 ஓமும் வெள்ளை எல்இடியும், எமிட்டர் மறை முனைக்கு. அந்த 10 கிலோ ஓமை மிச்சம் பிடிக்காதீர்கள். பிரீசெட்டை ஒரேயடியாகத் திருப்பிவிட்டால் பேஸ் நேரே பெட்டரியில் போய் நிற்கும், ட்ரான்சிஸ்டர் போய்விடும்.

முதலில் ட்ரான்சிஸ்டர் இல்லாமல் செய்யுங்கள். பிரீசெட்டை முழுக்க வைத்து, எல்டிஆரின் இரு காலிலும் வோல்ட் பாருங்கள். வெளிச்சத்தில் அரை வோல்ட் போல. கையால் மூடினால் 5 வோல்ட்டுக்குக் கிட்ட ஏறும். கொஞ்சம் குறைவாக வந்தால் மீட்டரைச் சந்தேகியுங்கள். மலிவான மீட்டரும் சர்க்கிட்டில் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரைக் கொண்டுவந்து வைத்ததுபோலத்தான்.

இப்போது ட்ரான்சிஸ்டரைச் சொருகி, எல்டிஆரை மூடினால் பேஸில் எத்தனை? மருமகன் யோசிக்காமல் 5 என்று எழுதினான். மீட்டர் 0.66 காட்டியது. மீட்டர் பெட்டரி இறங்கிவிட்டது என்றான். மாற்றினோம், 0.66. எல்டிஆரை மாற்றினான், 0.66. ட்ரான்சிஸ்டரையே மாற்றினான், 0.67! அன்று முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் முதல் சர்க்கிட் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். சிவப்பு எல்இடி எந்த ரெசிஸ்டரைப் போட்டாலும் இரண்டு வோல்ட்டுக்குக் கிட்டவே நின்றது. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் இருப்பதும் எல்இடியைப் போல ஒரு டயோட்தான். சிலிக்கன் டயோட் 0.6, 0.7இல் திறந்துகொண்டு அதற்கு மேலே வோல்ட்டை ஏற விடாது. மிச்ச ஐந்து வோல்ட் சொச்சமும் மேலே உள்ள ரெசிஸ்டர்களில் விழுந்திருக்கிறது. போய் அளந்து பார்த்தான், இருந்தது. ட்ரான்சிஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ரேடியோ திருத்துகிறவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பதும் இந்த 0.6ஐத்தான்.

விளக்கை மாட்டும்போது எல்இடியின் வெளிச்சம் எல்டிஆரில் விழாமல் பாருங்கள். விழுந்தால் தன் வெளிச்சத்தைத் தானே பார்த்துப் பகல் என்று நினைத்து அரைகுறையாக மங்கி நிற்கும். பிரீசெட்டை இங்கேயே நின்று சரிபண்ணுங்கள். பின்னேரம் நாலு மணிக்கு மிஸ்ட் இறங்கினாலே பற்றிக்கொள்ளும் விளக்கால் பெட்டரிதான் தீரும்.

555

1971இல் ஹான்ஸ் கமன்சின்ட் என்பவர் சிக்னெட்டிக்ஸ் கம்பனிக்காக வடிவமைத்து, 1972இல் விற்பனைக்கு வந்த ஐசி இது. இன்னும் கடையில் சில்லறைக்குக் கிடைக்கிறது. புள்ளி அல்லது வெட்டு உள்ள பக்கம் மேலே இருக்கப் பிடித்தால் இடப்பக்கம் மேலிருந்து கீழே 1 முதல் 4, வலப்பக்கம் கீழிருந்து மேலே 5 முதல் 8.

- 1 மறை முனைக்கு, 4உம் 8உம் நேர் முனைக்கு.
- 8க்கும் 7க்கும் நடுவில் 1 கிலோ ஓம்.
- 7க்கும் 6க்கும் நடுவில் 68 கிலோ ஓம்.
- 6ஐயும் 2ஐயும் ஒரு வயரால் சேர்த்து, அங்கிருந்து 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் மறை முனைக்கு. பட்டைக் கால் மறைப் பக்கம்.
- 5இலிருந்து 103 செரமிக் மறை முனைக்கு.
- 3இலிருந்து 470 ஓம், எல்இடி, மறை முனை.

செக்கனுக்கு ஒரு தடவை மினுக்கும். கணக்கு இதுதான்: 1.44ஐ, முதல் ரெசிஸ்டரையும் இரண்டாவதின் இரண்டு மடங்கையும் கூட்டிக் கெப்பாசிட்டரால் பெருக்கிய எண்ணால் பிரிக்க வேண்டும். ஓமிலும் ஃபேரட்டிலும் போட்டால் நம் அளவுகளுக்குச் செக்கனுக்கு 1.05 தடவை என்று வரும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மினுக்கல் என்று எண்ணிப் பாருங்கள்.

10 மைக்ரோஃபேரட்டைக் கழற்றி 104 செரமிக்கைப் போட்டால் எல்இடி மினுக்குவதை நிறுத்திவிட்டதுபோலத் தெரியும். நிறுத்தவில்லை, செக்கனுக்கு நூறு தடவை மினுக்குகிறது, கண்ணுக்குத்தான் பிடிபடவில்லை. காதுக்குப் பிடிபடும். 3ஆம் காலிலிருந்து 100 ஓம், பிறகு 100 மைக்ரோஃபேரட், பழைய ரேடியோ ஸ்பீக்கர், மறை முனை என்று கொடுங்கள். வண்டு பறப்பதுபோல ரீங்காரம் கேட்கும். 103ஐப் போட்டால் கீச்சென்று ஆயிரம் ஹேர்ட்ஸ். 68 கிலோ ஓமுக்குப் பதில் எல்டிஆரைப் போட்டுவிட்டுக் கையை ஆட்டிப் பாருங்கள். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளைப் படுக்க அனுப்புவதுதான் கஷ்டம்.

ஈயம் வைத்து நிரந்தரமாக்குவது

தண்ணீர் மணி பிரெட்போர்டில் நிற்காது. இங்கத்து ஈரத்தில் சில மாதங்களில் துளைக்குள் இருக்கும் தகடுகள் கறுத்து, தொட்டால் வேலை செய்யும், விட்டால் நின்றுவிடும். சாமான்களை வைக்கவும் மூடி இறுக்கமான தகர டின் ஒன்றில் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள்.

25 அல்லது 30 வாட் சோல்டரிங் அயர்ன், 60க்கு 40 (வெள்ளீயம் 60, ஈயம் 40) ஈயக் கம்பி, துளைபோட்ட வெரோபோர்ட் துண்டு. அயர்னும் 230 வோல்ட் சாமான்தான், பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கிக்கொண்டு வந்து பூசுவது எல்லாரும் செய்யும் பிழை. நுனியால் காலையும் செப்பையும் சேர்த்து இரண்டு மூன்று செக்கன் சூடாக்கி, ஈயத்தை அந்தச் சூட்டில் வையுங்கள், தானே ஓடிப் படியும். பளபளவென்று மலைபோலச் சரிந்திருந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை. குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு இந்த வேலை செய்ய வேண்டாம், புகையைச் சுவாசிக்கக்கூடாது. ஈயம் நஞ்சு, எழுந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஈயம் வைத்த பின் மணி அடிக்கவில்லை என்றால் ஒழுங்காகப் போங்கள்: பெட்டரியில் 6 இருக்கிறதா, போர்டில் அதே 6 வந்து சேர்கிறதா, தண்ணீர் தொட்டதும் பேஸில் 1.2 ஏறுகிறதா, பஸரின் இரு காலிலும் 5 இருக்கிறதா. எந்த இடத்தில் எண் காணாமல் போகிறதோ அதற்கும் முந்தினதற்கும் நடுவில்தான் பழுது.

போர்டையும் பெட்டரியையும் மூடியுள்ள ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கூரைக்கு அடியில் மாட்டுங்கள். தேங்கியிலிருந்து வரும் வயர் டப்பாவுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டு மேலேறட்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் வயரோடு ஊர்ந்து உள்ளே வந்துவிடும். தண்ணீர் தொடாதவரை இந்தச் சர்க்கிட் எடுக்கும் ஓட்டம் மீட்டருக்கே எட்டாது, பெட்டரி நெடுநாள் கிடக்கும். மாதத்துக்கு ஒரு தடவை ஈரக் கையால் இரண்டு காம்பையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். கத்தினால் சரி.